கல்மரத்தை அறிதலும் மெருகிடுதலும்

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளின் திருமேனி 16,008 சாளக்கிராமங்களைக் கொண்டு கடுசர்க்கரை யோகத்தால் அமைந்தது என்பது அத்தலத்து ஐதிகம். சாளக்கிராமமாவது நேபாள தேசத்துக் கண்டகி நதியில் அகப்படும் கரிய கல். அதனுள் காணப்படும் சக்கரம், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுப் பிராணி பதிந்து கல்லான அடையாளமாகும். ஆகவே, உயிர்ப்பொருள் கல்லாவது என்பது குமரி மாவட்டத்தாருக்கு முற்றிலும் புதிய செய்தியன்று. ஆயினும், 'கல்மரம்' என்று ஒருவர் ஒரு துண்டைக் கையில் கொடுத்தால், அது மெய்யோ பொய்யோ என்று அறிய வல்லவர் சிலரே. மயிலாடிச் சிற்பிகள் கல் வேலையில் தேர்ந்தவர்கள். எனினும் அவர்கள் நாள்தோறும் உளி வைக்கும் கருங்கல்லின் குணம் வேறு, இக்கல்லின் குணம் வேறு. இதை மெருகிட்டு விற்கக் கருதும் கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர், பணத்தையும் உடம்பையும் அதில் இடுமுன் அறிய வேண்டியவை சில உள.

வெள்ளத்தில் சாய்ந்த மரம் மணலிலும் சேற்றிலும் புதையுண்டு காற்றுப் படாமல் கிடக்குமாயின் அது விரைவில் மட்குவதில்லை. நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் சிறிது சிறிதாகப் படிந்து, காலக்கிரமத்தில் மரப்பொருளின் இடத்தையே பற்றிக்கொள்ளும். நாரும் துளையும் இருந்தபடியே இருக்க, பொருள் மட்டும் கல்லாகிவிடும். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் இவ்வாறு கல்லான அடிமரங்கள் ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளாகக் கிடக்கின்றன. அவற்றைப் பிரெஞ்சு இயற்கை நூலறிஞர் சொன்னெரா 1781-ஆம் ஆண்டில் கண்டு தெரிவித்தார். அம்மரங்களில் கிளையும் வேரும் காணப்படாமையால், அவை ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்று கொள்கின்றனர். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று உண்டு. அது இன்னும் பன்மடங்கு பழமையானது. இவ்விரண்டும் தேசிய புவியியல் சின்னங்கள். அங்கிருந்து ஒரு சில்லும் எடுக்கலாகாது. உலகச் சந்தையில் விற்பனைக்கு வரும் கல்மரத்தில் பெரும்பகுதி இந்தோனேஷியாவிலும் மடகாஸ்கரிலுமிருந்து வருவது. ஆதலால், கல் எவ்விடத்தது என்பதற்கு எழுத்து மூலமான ஆதாரம் காட்டாத விற்பனையாளரிடம் சங்கம் கொள்முதல் செய்வது தகாது.

நாஞ்சில் நாட்டு மலைப்பாறைகள் பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவற்றுள் கல்மரம் இராது. ஆனால் அப்பாறைகளில் வெளுப்பும் கறுப்புமாக ஓடும் பட்டைகள் மர ரேகைபோலத் தோன்றி ஏமாற்றும். தேரி மணலில், செடியின் வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து இறுகிய குழல்களும் கிடைக்கும். பார்வைக்கு அவை கிளைத்துண்டு போலவே இருக்கும்.

சோதனைக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. முதலில் எஃகுக் கத்தியால் கீறுக. சிலிக்காவாலான கல்மரத்தில் கீறல் விழாது. கத்தியின் இரும்பே கல்லின்மேல் சாம்பல் நிறக் கோடாகத் தேயும். வேர்க்குழலோ பொடியாய் உதிரும். அதன்மேல் எலுமிச்சஞ்சாறு விட்டால் நுரைக்கும். (சுண்ணாம்பால் கல்லான மரமும் உலகில் உண்டாகையால், நுரைத்தது என்பதொன்றையே கொண்டு தள்ளிவிடலாகாது.) மலைப்பாறையைப் பிரித்தறியக் கத்தி போதாது, அதுவும் கடினமானதே. அதற்குப் பூதக்கண்ணாடி வேண்டும். குறுக்கு முகத்தை நனைத்துப் பார்த்தால், பாறையில் மின்னும் அப்பிரகமும் செந்நிறக் கார்னெட் மணிகளும் தெரியும். கல்மரத்தில் ஊசி குத்தியதுபோன்ற துளைகளும், நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய கதிர்களும், பக்க முகத்தில் நாரும் தெரியும். வளையம் இல்லையே என்று ஐயுற வேண்டியதில்லை; வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாய் அமைவதில்லை. பனை இனத்து மரமாயின் வளையமே இராது, புள்ளிகளே சிதறிக் கிடக்கும். பனையேறி வாழ்ந்தவர் மிகுந்த இம்மாவட்டத்தில் அந்தப் புள்ளிகளை அடையாளம் காணப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை.

மெருகிடுதல் பொறுமையையே பெரிதும் வேண்டுவது. வைரம் பதித்த வாள்தகட்டால் நீர் விட்டுக்கொண்டே அறுத்து, வெடிப்பு இருந்தால் பிசினால் அடைத்து, பின்பு கார்போரண்டம் தூளால் தேய்க்க வேண்டும். 80-ஆம் எண் தூளில் தொடங்கி 220, 400, 600, 1000 என்று படிப்படியாக நுண்ணிய தூளுக்குச் செல்க. ஒவ்வொரு படியின் முடிவிலும் கல்லையும் கையையும் தகட்டையும் நன்றாய்க் கழுவுதல் அவசியம். முந்திய தூளின் ஒரு மணி தங்கினும் ஒரு நாள் வேலை பாழாம். அடுத்த படிக்குச் செல்லுமுன் கல்லை உலர்த்திப் பார்க்க வேண்டும். ஈரத்தில் எக்கல்லும் பளபளக்கும். கீறல் உலர்ந்த பின்னரே தெரியும்.

இறுதி மெருகு கம்பளித் தகட்டின்மேல் சீரியம் ஆக்சைடு குழைத்து இடப்படும். அந்தச் சீரியம் மோனசைட் மணலில் உள்ள பொருள். 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டறிந்ததோ இம்மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில். எனினும் கரை மணலை அள்ளிவந்து கல்லில் தேய்க்கலாம் என்று எவரும் எண்ணலாகாது. மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. தனியார் கடற்கரைத் தாது மணல் எடுப்பதைத் தமிழ்நாட்டரசு 2013-இல் தடை செய்தது. சுத்திகரித்த மெருகுத்தூள் கடையில் கிடைக்கிறது.

எல்லாவற்றினும் முக்கியமானது தூசி. கல்மரம் ஏறக்குறைய முழுமையும் சிலிக்கா. உலர்ந்த நிலையில் அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத துகள் நுரையீரலின் ஆழத்தில் சென்று தங்கி, அங்கே தழும்பை உண்டாக்கும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் பெரும்பாலும் பல ஆண்டு கழித்தே வெளிப்படும். வெளிப்பட்டபின் அதைத் தீர்க்கும் மருந்து இல்லை. காசநோய்க்கும் அது வழி திறக்கும். முகத்தில் கட்டும் துண்டு இத்துகளைத் தடுக்காது. தனியாள் ஒருவர் வீட்டுத் திண்ணையில் சிறு எந்திரத்தை வைத்து உலர அறுப்பது, செலவு குறைவென்று தோன்றினும், தமக்கும் குழந்தைகளுக்கும் கேடு தேடுவதாம். நீர்க்குழாய் இணைத்த அறுவை எந்திரம் ஒன்றையும், துகளை வடிகட்டும் தரமான முகமூடிகளையும் சங்கத்தின் பொதுச் சொத்தாக வாங்கி, காற்றோட்டமுள்ள தனிக் கொட்டகையில் முறைவைத்து உபயோகிப்பதே தக்கது. வேலை முடிந்ததும் தரையிலுள்ள கற்சேற்றை ஈரம் காயுமுன் கழுவித் தொட்டியில் வண்டலாகத் தேக்கி அகற்ற வேண்டும். காய்ந்த பின் துடைப்பத்தால் பெருக்கலாகாது. உடுத்த துணியையும் உதறாமல் நனைத்தே துவைக்க வேண்டும்.