தாயான பின் நர்ஸ் படிப்பு

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களில் முப்பது வயதை எட்டிய சகோதரிகள் பலர், "அன்றைக்குப் படிக்க வைத்திருந்தால் நானும் ஒரு நர்ஸாக ஆகியிருப்பேன்" என்று சொல்ல நாம் கேட்டதுண்டு. பொங்கல் விழாவுக்குக் காய்கறி நறுக்கும் வேளையிலும், ஊருக்குப் போகும் நெடிய புகைவண்டிப் பயணத்திலும் இப்பேச்சு எழும். ஒரு பெருமூச்சுடன் அடங்கிவிடும். அவ்வாயில் இன்னும் அடைபடவில்லை என்பதும், ஆனால் அடைபடும் நாள் ஒன்று உண்டு என்பதும் அவர்களுள் பெரும்பாலோர் அறியாதவை. அந்த நாளை முன்கூட்டிக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதத் துணிந்தோம்.

நாம் கல்யாண் இரயில்வே காலனியில் வசிக்கும் எழுத்தர். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தோமில்லை. கல்வித்துறை விஷயத்தில் அறிவுரை கூற நமக்குத் தகுதி உண்டா என்று அன்பர்கள் கேட்கலாம். எம் இல்லாள் இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பின், முப்பத்திரண்டாம் வயதில் நர்ஸ் பள்ளியில் சேர்ந்து, இப்போது மூன்றாம் ஆண்டு பயில்கிறார். அதற்காக நாங்கள் ஏறி இறங்கிய படிகள் பல. அவற்றை மற்றவரும் ஏற வேண்டியதில்லை என்பதே நம் தகுதி.

முதலில் விதிகளைப் பார்ப்போம். நர்ஸ் படிப்பு மூவகைப்படும். ஏ.என்.எம். என்பது பெண்களுக்கே உரிய இரண்டாண்டுப் பயிற்சி; கிராமச் சுகாதார நிலையப் பணிக்கு ஏற்றது. ஜி.என்.எம். என்பது மூன்றாண்டுப் படிப்பு. ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸ் ஆவதற்குப் பெரும்பாலோர் செல்லும் வழி இதுவே. பி.எஸ்ஸி. நர்சிங் நான்காண்டுப் பட்டப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், இரசாயனம், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் படித்திருத்தல் வேண்டும். ஜி.என்.எம்.முக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விதி, எந்தப் பிரிவாயினும் ஆங்கிலத்தோடு கூடிய பன்னிரண்டாம் வகுப்பில் 40 விழுக்காடு மதிப்பெண் என்பது. மாநிலங்கள் இதற்கு மேலும் சில நிபந்தனைகளைச் சேர்ப்பதுண்டு. வயதோ குறைந்தது 17, மிகுந்தது 35. ஏற்கெனவே ஏ.என்.எம். முடித்துப் பணியில் இருப்பவர் ஜி.என்.எம். சேர விரும்பினால் அவர்களுக்கு வயது வரம்பு இல்லை.

இந்த 35 என்ற எண்ணை அடிக்கோடிட்டுக்கொள்க. பத்தாம் வகுப்போடு நின்றுபோன ஒரு சகோதரிக்கு இப்போது 31 வயது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேற ஓராண்டோ ஈராண்டோ ஆகும். இடம் கிடைப்பதற்கு ஓராண்டு தவறிப்போகலாம். ஆக, "சின்னவன் பள்ளிக்கூடம் போகட்டும், பார்க்கலாம்" என்று அவர் தள்ளிப்போட இடமே இல்லை.

பன்னிரண்டாம் வகுப்புக்கு வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் அது; உச்ச வயது வரம்பு அங்கு இல்லை. ஒருமுறை பதிந்துகொண்டால் ஐந்தாண்டு காலத்துக்குள் ஒன்பது தடவை தேர்வெழுத வாய்ப்புண்டு. ஒரே மூச்சில் எல்லாப் பாடங்களையும் எழுதவேண்டும் என்பதில்லை. இம்முறை இரண்டு, அடுத்த முறை மூன்று என்று தேறிக்கொண்டு போகலாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. எம் இல்லாள் இளைய மகளைத் தொட்டிலில் இட்டு ஆட்டியபடியே உயிரியல் பாடத்தைப் படித்தார். தமிழ் வழியில் பத்தாம் வகுப்புத் தேறியவராதலால் ஆங்கிலம்தான் அவரை அதிகம் வருத்திற்று. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, அதன் பக்கத்தில் பொருளும் எழுதி, அடுப்பங்கரைச் சுவரெங்கும் ஒட்டி வைத்தார். வெங்காயக் கூடைக்கு மேலே "பெரிகார்டியம்" என்று கண்டு, ஏதோ மசாலாவின் பெயர் என்று நினைத்தவர்களும் உண்டு.

இங்கே சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் தகும். தாய்மார்க்கு இத்தொழில் எளிதில் திறந்துவிடவில்லை. 1946-இல் வெளிவந்த சர் ஜோசப் போர் குழுவின் அறிக்கை, இப்பரந்த தேசம் முழுமைக்கும் சுமார் 7,000 நர்சுகளே இருந்ததாகக் கணக்கிட்டது. அப்பெரும் பஞ்சத்திலும், மணமாகாத பெண்களையும் கைம்பெண்களையும் நாடினார்களேயன்றி, குடும்பப் பெண்களைச் சேர்க்கப் பலரும் தயங்கினர். புனா நகரில் 1909-இல் இரமாபாய் இரானடே அம்மையார் முன்னின்று நடத்திய சேவா சதனம், இந்துப் பெண்களைச் சஸ்ஸூன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நர்ஸ் பயிற்சி பெறச் செய்தது, அக்காலத்தில் துணிகரமான காரியம். சுதந்தரத்திற்குப் பின், மத்திய சமூகநல வாரியம் 1958-இல் வயதுவந்த பெண்களுக்கான சுருக்கக் கல்வித் திட்டத்தை ஏற்படுத்திற்று. இடையில் படிப்பு நின்றுபோன பெண்கள் விரைந்து தேர்வெழுதி நர்ஸ், மருத்துவச்சி, ஆசிரியை போன்ற பணிகளுக்குத் தகுதி பெறுவதே அதன் நோக்கம். அவ்வாரியத்தின் தலைவியாயிருந்த துர்காபாய் தேஷ்முக் அம்மையார், தாமே இளமையில் பள்ளியை விட்டுப் பின்னாளில் மெட்ரிகுலேஷன் தேறியவர் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆயினும் பழைய தயக்கம் மறைந்துவிடவில்லை. இராணுவ நர்ஸாயிருந்த செலினா ஜான் என்பவர், மணம் செய்துகொண்ட காரணத்துக்காக 1988-இல் பணியினின்று விடுவிக்கப்பட்டார். அவ்விதி 1995-இல் நீக்கப்பட்டது. எனினும் அவருக்கு நியாயம் கிடைத்தது 2024 பிப்ரவரியில்தான். அந்நடவடிக்கை தன்னிச்சையானது என்று கூறி, அறுபது இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முப்பத்தாறு ஆண்டு வழக்கு!

எமக்கும் அதில் ஒரு சிறு பங்கு கிட்டிற்று. நாங்கள் முதலில் சென்ற தனியார் பள்ளி ஒன்றில், மதிப்பெண் பட்டியலைப் பார்த்து மகிழ்ந்த அலுவலர், குழந்தைகள் இரண்டு என்று கேட்டதும் காகிதங்களைத் திருப்பித் தந்துவிட்டார். "விடுதியில் தங்குவோர்க்கே இடம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று இவர் லீவு கேட்பார்" என்றார். கொடுக்காத லீவை அவர் முன்கூட்டியே மறுத்தார் என்று சொல்லி நாம் சிரித்தோம். எம் இல்லாள் சிரிக்கவில்லை. கல்யாண் வந்து சேரும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அரசுப் பள்ளிகளிலோ குடியிருப்புச் சான்றிதழ் கேட்பர். மகாராட்டிரத்தில் அதற்குப் பொதுவாகப் பதினைந்தாண்டு வாசம் வேண்டும். மணமாகி வந்து பன்னிரண்டாண்டே ஆன அவருக்கு அது இல்லை. மூன்றாவதாகச் சென்ற பள்ளியின் முதல்வர் அம்மையார், வீட்டிலிருந்து வந்து போவதற்குக் கணவரின் எழுத்துமூலமான உறுதி வேண்டுமென்றார். நாம் அங்கேயே எழுதிக் கொடுத்தோம். மூன்றாண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ மூன்று இலட்சம் ரூபாய் செலவு. கூட்டுறவுச் சங்கக் கடனும் ஒரு சங்கிலியும் அதற்குக் கைகொடுத்தன.

இனி, வீட்டு விஷயம். விதியும் பணமும் ஒருவாறு ஒழுங்குபட்டுவிடும். நேரம் ஒழுங்குபடுவதுதான் கடினம். நர்ஸ் படிப்பு கல்லூரிப் படிப்புப் போன்றதன்று. வகுப்பு ஒருபுறம், வார்டு மறுபுறம். காலை, மாலை, இரவு என்று முறை மாறி மாறி வரும். வார்டுப் பயிற்சியில் ஒரு நாள் குறைந்தாலும் பின்னால் ஈடுசெய்து முடித்தாக வேண்டும்; அதன்றிச் சான்றிதழ் இல்லை. காலை முறையன்று எம் இல்லாள் ஐந்தேகால் மணி லோகலைப் பிடிப்பார். பிள்ளைகளை எழுப்புதல், குளிப்பாட்டுதல், டப்பாவில் சோறு கட்டுதல், மகளுக்கு இரட்டைப் பின்னல் போடுதல் ஆகிய அனைத்தும் நம் பொறுப்பாயின. பின்னல் கைவர இரண்டு மாதம் ஆயிற்று. முதல் நாட்களில் பள்ளி ஆசிரியை அதை அவிழ்த்து மறுபடி போட்டனுப்புவார்.

எம் தாயார் நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்தவர். செய்தி கேட்டதும் தொலைபேசியில், "ஏல, நம்ம வீட்டுப் பிள்ளைகளைப் பாக்க நாதியில்ல, ஊரான் மூத்திரம் அள்ளவா இவ படிக்கப் போறா?" என்றார். அவர் காலத்து நோக்கு அது, குறை கூறுவதற்கில்லை. இரவு வேலை என்றதும் கோபம் இரட்டிப்பாயிற்று. ஆனாலும் அவரே மூட்டை கட்டிக்கொண்டு வந்து ஆறு மாதம் தங்கினார். தங்கிய நாளெல்லாம் முணுமுணுத்தார். முணுமுணுத்தபடியே எல்லா வேலையும் செய்தார். வகுப்பிலுள்ள பதினெட்டு வயது மராட்டியப் பெண்கள் வீட்டுக்கு வந்தபோது எம் இல்லாளை "தாயீ, தாயீ" என்று அழைத்தனர். மராட்டியில் அது மூத்த சகோதரியைக் குறிக்கும் சொல். எம் தாயாரோ, "இத்தனை பிள்ளைகளுக்கு எப்பம்மா தாயானே நீ?" என்று கேட்டு, அன்று எல்லோருக்கும் முறுக்குக் கொடுத்தார்.

ஆடி மாதக் கோயில் கொடைக்கு அவர் ஊருக்குச் சென்ற வாரத்தில்தான் சோதனை வந்தது. எம் இல்லாளுக்கு இரவு முறை. நமக்கு மாதக் கணக்கு முடிப்பு. மகளுக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். போகமாட்டேன் என்று சீருடையைக் கழற்றப் போனவரைத் தடுத்தவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மராட்டிய அம்மையார். "நீ அங்கே யாரோ ஒருத்தியின் குழந்தையைப் பார், உன் குழந்தையை நான் பார்க்கிறேன்" என்று சொல்லி, குழந்தையைத் தம் மடியில் எடுத்துக்கொண்டார். நாமும் அவருமாக விடியும் வரை நெற்றியில் ஈரத்துணி மாற்றினோம். இப்படிப்புக்குக் கணவன் மட்டும் போதாது. சேரும் முன்பே இத்தகைய அயலார் இருவரையேனும் தேடிவைத்துக்கொள்ள வேண்டும் என்பது அன்று நமக்கு விளங்கிற்று.

முதலாண்டில் நுண்ணுயிரியல் பாடத்தில் அவர் தவறினார். தேர்ச்சிக்கு ஐம்பது மதிப்பெண் வேண்டும். துணைத் தேர்வில் எழுதித் தேறினார். ஆனால் வார்டில் அவரே முதல்வர் என்று ஆசிரியைகள் கூறுகின்றனர். குழாயடியில் பன்னிரண்டாண்டு பேசிப் பழகிய மராட்டி அங்கு உதவிற்று. குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அழும் குழந்தையை ஏமாற்றி மருந்து புகட்டுவதும் அவருக்குப் புதியவை அல்லவே.

பலன் யாது என்று கேட்பவர்க்கும் விடை உண்டு. 2024-இல் இரயில்வே ஆட்சேர்ப்பு வாரியம் நர்சிங் சூப்பரின்டெண்டெண்டு பதவி 713-க்கு விண்ணப்பம் கோரியது. ஜி.என்.எம். தகுதி போதும், தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.44,900, மூன்றாண்டுத் தளர்வு உட்பட வயது வரம்பு 43. இளநிலை எழுத்தருக்குத் தொடக்கம் ரூ.19,900 என்பதை அறிந்த நம் அலுவலக நண்பர்கள், "இனி வீட்டில் யார் ஆபீசர்?" என்று கேலி செய்கின்றனர். ஆனால் அத்தகைய இடங்கள் சில, போட்டியிடுவோர் பலர். பெரும்பாலோர் முதலில் தனியார் ஆஸ்பத்திரிக்கே செல்ல நேரும். 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் ரூ.20,000-க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் உள்ளது. அதனினும் குறைவாகக் கொடுக்கும் இடங்கள் இன்னும் உண்டு. கடன் வாங்கிப் படிப்போர் இதனை மனத்திற் கொண்டே கணக்கிட வேண்டும்.

மாற்றலாகிச் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. தேறியபின் அந்தந்த மாநில நர்சிங் கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும். வேறு மாநிலம் சென்றால் பதிவையும் மாற்றிக்கொள்ள வழியுண்டு; ஆதலால் மாற்றலுக்கு அஞ்சிப் படிப்பைக் கைவிட வேண்டியதில்லை. சேரப்போகும் பள்ளிக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் தகுதியும் மாநிலக் கவுன்சிலின் அனுமதியும் உண்டா என்று பணம் கட்டுமுன் விசாரித்தறிக. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் நிறைவேறியுள்ளது; விதிகள் மாறக்கூடும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பையே நம்புக.

கடைசியாக, சான்றிதழ்கள். நம்மவர் பெயரில் தலைப்பெழுத்துத்தான் இருக்கும். இங்குள்ள விண்ணப்பத்திலோ குடும்பப் பெயர்க் கட்டம் இருக்கும். பத்தாம் வகுப்புப் பட்டியலில் தந்தையின் எழுத்து, ஆதாரில் கணவரின் எழுத்து என்று இரண்டாக இருந்தால் அலையவிடுவர். முன்பே ஒன்றாக்கி வைக்க வேண்டும். வயதையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கொண்டே கணிப்பர். கிராமத்துப் பள்ளிகளில் சேர்க்கும்போது, உண்மைப் பிறந்த நாளை விட்டு ஏதோ ஒரு ஜூன் மாதத் தேதியைத் தலைமையாசிரியர் எழுதிவிடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. எம் இல்லாளுக்கு அவ்வாறு எட்டு மாதம் கூடிப்போயிருந்தது. தாயார் சொல்லும் வயதை நம்பியிராமல், டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் அந்தச் சான்றிதழை எடுத்து, அதில் எழுதியுள்ள தேதியிலிருந்து முப்பத்தைந்து எண்ணிப் பாருங்கள்.