தொழிலின் பொருள் - கன்ட்ரி இசை காட்டும் வாழ்க்கைகள்



உயர்தர வகுப்பை முடித்துவிட்டு நிற்கும் பிள்ளையிடம் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "இனி என்ன செய்யப் போகிறாய்?" என்பதே அது. பதிலாக ஒரு பதவியின் பெயரை எதிர்பார்க்கிறோம். "அதை யாருக்காகச் செய்யப் போகிறாய்?" என்று கேட்பவர் மிகக் குறைவு. ஆனால், ஒருவர் தம் தொழிலில் நிறைவு காண்பதும் காணாது சலிப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியிலேயே தங்கியிருக்கிறது. இதனை விளங்கிக்கொள்ள இன்று அமெரிக்காவின் கன்ட்ரி இசைப் பக்கம் சென்று வருவோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இதனை 'நாட்டார் பாடல்' என மொழிபெயர்த்தால் மயக்கம் ஏற்படும். நாட்டார் பாடலுக்குப் பொதுவாக ஆசிரியர் பெயர் இல்லை. கன்ட்ரி பாடலுக்கோ இயற்றியவர் உண்டு, பாடியவர் உண்டு, விற்பனையும் உண்டு. எனினும் அதன் வேர்கள் கிராமத்திலேயே இருக்கின்றன. பிரித்தானியத் தீவுகளிலிருந்து குடியேறியோர் கொண்டுவந்த கதைப்பாடல்களும் வயலின் இசையும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் பாஞ்சோ வாத்தியமும் புளூஸ் இசையும், தேவாலயக் கீதங்களும் அதிற் கலந்தன. 1920களில் இசைத்தட்டும் வானொலியும் அதனை நாடெங்கும் பரப்பின. டெனசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் ஒரு காப்புறுதிக் கம்பனி நடத்திய வானொலி நிலையம் 1925 நவம்பர் 28ஆம் திகதி ஆரம்பித்த நிகழ்ச்சியே பின்னர் 'கிராண்ட் ஓல் ஒப்ரி' எனப் புகழ்பெற்றது. நூறு ஆண்டுகளைக் கடந்தும் அது நடைபெற்று வருகிறது.

இந்த இசையின் தந்தை எனப் போற்றப்படுபவர் ஜிம்மி ரொஜர்ஸ் (1897 - 1933). அவர் புகையிரதத்திலே பிறேக் இயக்கும் தொழிலாளியாக இருந்தவர். 1924இல் காசநோய் கண்டது. கடினமான புகையிரத வேலை கைநழுவியது. ஆனால், தண்டவாளத்தோரம் தொழிலாளர் பாடக் கேட்ட பாட்டுகள் அவரிடம் எஞ்சியிருந்தன. 1927 ஒகஸ்டில் பிரிஸ்டல் என்ற ஊரில் முதலாவது இசைத்தட்டுக்காகப் பாடினார். எஞ்சிய ஆறு ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்தார். நியூயோர்க்கில் நடந்த இறுதிப் பதிவின்போது பாட்டுக்குப் பாட்டு கட்டிலிற் படுத்து இளைப்பாறியே பாடினார். அது முடிந்த சில நாட்களிற் காலமானார். வேலை போய்விட்டது. வேலையினிடையே கற்றது போகவில்லை.

இப்படிச் சொல்வதால், எல்லா உழைப்பும் இனிமையானது என்று இந்த இசை கூறுவதாக எண்ணிவிடக் கூடாது. 'சிக்ஸ்டீன் டன்ஸ்' என்ற பாடலை மேர்ல் டிராவிஸ் 1946இற் பதிவு செய்தார். 1955இல் டெனசி ஏர்னி போர்ட் பாடியபோதே அது பெரும் புகழ் பெற்றது. டிராவிஸ் கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். அக்காலச் சுரங்கக் கம்பனிகள் பல, கூலியைக் காசாகக் கொடாது, கம்பனிக் கடையில் மாத்திரம் செல்லுபடியாகும் சீட்டாகக் கொடுத்தன. உழைத்தவன் உழைக்க உழைக்கக் கடனாளியானான். அந்த நிலையையே பாடல் சொல்கிறது. தன் உழைப்பின் பலன் தன் குடும்பத்துக்குச் சேராதபோது உழைப்பு பொருளற்றதாகிறது. தொழிலின் பொருளைப் பற்றிப் பேசுவோர் கூலியின் நியாயத்தை மறந்து பேசலாகாது.

அதே கென்டக்கியின் இன்னொரு சுரங்கத் தொழிலாளியின் மகள் லொரெட்டா லின் (1932 - 2022). எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். பதினைந்து வயதிற் திருமணம். இருபது வயதளவில் நான்கு பிள்ளைகளின் தாய். வீட்டுவேலைகளுக்கிடையே அவர் பாடுவதைக் கேட்ட கணவர் ஒரு மலிவான கிட்டாரை வாங்கிக் கொடுத்தார். தாமாகவே அதைப் பழகிப் பாடல் இயற்றவும் தொடங்கினார். 1970இல் அவர் வெளியிட்ட 'கோல் மைனர்ஸ் டோட்டர்', அதாவது 'சுரங்கத் தொழிலாளியின் மகள்', தந்தையின் இரவு வேலையையும் தாயின் ஓயாத பாட்டையும் பெயர் சொல்லிப் பாடுகிறது. எழுதியபோது மிக நீண்டிருந்ததாற் சில பகுதிகளை நீக்க வேண்டியதாயிற்று. சொல்ல அவ்வளவு இருந்தது! பெற்றோரின் தொழிலை மறைக்க முயலாமல் அதையே தம் அடையாளமாக்கினார். 1980இல் அதே பெயரில் திரைப்படமும் வந்தது.

தந்தையின் வறுமையைச் சொல்வதற்கே துணிவு வேண்டுமென்றால், தன் குற்றத்தைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்? மேர்ல் ஹகார்ட் (1937 - 2016) கலிபோர்னியாவில், பழைய புகையிரதப் பெட்டியொன்றை மாற்றியமைத்த வீட்டில் வளர்ந்தவர். ஒன்பது வயதிலே தந்தையை இழந்து, களவு, தப்பியோட்டம் என அலைந்து, இருபதாவது வயதில் சான் குவென்டின் சிறையை அடைந்தார். அங்கே கைதிகளுக்குப் பாட வந்த ஜோனி காஷைக் கேட்டார். 1960இல் விடுதலையாகிப் பாடகராகிப் புகழ் பெற்ற பின்னரும் சிறைவாசம் வெளியே தெரிந்துவிடுமோ என அஞ்சினார். அதனைத் தாமே சொல்லிவிடும்படி அவரை ஊக்கியவரும் ஜோனி காஷ்தான். சொன்ன பின்பு மக்கள் அவரை விலக்கவில்லை. இன்னும் நெருங்கி வந்தனர். 1972இல் மாநில ஆளுநர் அவருக்குப் பூரண மன்னிப்பு வழங்கினார்.

இவர்களுக்கு எதிர்த்திசையிலிருந்து வந்தவர் கிறிஸ் கிறிஸ்டோபர்சன் (1936 - 2024). ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ரோட்ஸ் புலமைப்பரிசிலில் ஆங்கில இலக்கியம் கற்றார். இராணுவத்திற் கப்டனாகவும் ஹெலிகொப்டர் விமானியாகவும் விளங்கினார். 1965இல் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கும் பதவி காத்திருந்தது. அதை விட்டு நாஷ்வில் சென்று, ஒலிப்பதிவுக் கூடமொன்றில் தரை துடைக்கும் வேலையை ஏற்றார். பெற்றோர் மனமுடைந்து உறவையே துண்டித்தனர். பல ஆண்டுகள் கழித்தே அவரது பாடல்கள் பிறர் குரலிற் புகழடைந்தன. பெற்றோரின் அச்சமும் நியாயமானதே. அவரது தெரிவும் நியாயமானதே. பொருளுள்ள தொழிலுக்குச் சில வேளைகளில் விலை கொடுக்க நேர்கிறது என்பதை இவ்வாழ்க்கை ஒளிக்காமற் காட்டுகிறது.

வெற்றி பெற்றோரின் கதைகளை மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. ஒப்ரி நிகழ்ச்சியின் ஆரம்பகால நட்சத்திரங்களுள் ஒருவர் டிபோர்ட் பெய்லி. அடிமையாயிருந்த ஒருவரின் பேரர். சிறிய வாய்வாத்தியமான ஹார்மோனிக்காவில் புகையிரதத்தின் ஓசையை அப்படியே எழுப்பியவர். சுற்றுப்பயணங்களில், கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் சக கலைஞர் தங்கிய விடுதிகளில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. 1941இல் நிகழ்ச்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். அதன்பின் சப்பாத்துத் துடைக்கும் கடை நடத்தியே வாழ்ந்தார். 1982இல் மறைந்தார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது 2005இலேதான். திறமையும் உழைப்பும் இருந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று இளைஞரிடம் கூறுவோர் இவரை நினைவிற் கொள்ள வேண்டும். ஒருவரின் தொழிலுக்குப் பொருள் இருப்பது வேறு. உலகம் அதை மதிப்பது வேறு. இரண்டாவது நம் எல்லோருடைய கடமை.

இறுதியாக டொலி பார்ட்டன். 1946இல் டெனசி மலைப்புறத்தில், பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காமவராகப் பிறந்தார். தாய் ஒட்டுத்துணிகளை இணைத்துத் தைத்துக் கொடுத்த மேலங்கியைப் பாடசாலையில் பிள்ளைகள் கேலி செய்த நிகழ்வைப் பாடலாக்கி 1971இல் வெளியிட்டார். 1980இல் அலுவலகப் பெண்களைப் பற்றிய 'நைன் டு பைவ்' படத்தில் நடித்து, அதற்கான பாடலையும் எழுதினார். தம் நகங்களை ஒன்றோடொன்று உரசித் தட்டச்சுப் பொறியின் ஓசைபோலத் தாளம் எழுப்பி அப்பாடலை அமைத்தார். இவை புகழின் கதைகள். அவரது தந்தையார் எழுத வாசிக்கத் தெரியாதவர் என்பது இன்னொரு கதை. அந்த நினைவினால் 1995இல், தாம் பிறந்த மாவட்டத்தின் சிறு குழந்தைகளுக்கு மாதமொரு புத்தகம் இலவசமாக அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். அது பல நாடுகளுக்கும் பரவி, 2023இல் 20 கோடி புத்தகங்களைத் தாண்டியது. தந்தை வாசிக்க முடியாது போனதை, பிறர் பிள்ளைகள் வாசிக்கும்படி மகள் நிறைவு செய்தார்.

நேயர்களே, இவர்களைப் போல எல்லோரும் பாடகராக முடியாது, ஆகவும் வேண்டியதில்லை. ஆனால், இவர்களின் வாழ்க்கையிலிருந்து எந்தத் தொழிலைத் தேடுவோரும் மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். என்னை வளர்த்த உழைப்பு யாருடையது? என் வாழ்விலிருந்து நான் உண்மையாக அறிந்தது எது? அது யாருக்குப் பயன்படும்? முதற் கேள்வி நன்றியைத் தருகிறது. இரண்டாவது திறமையைக் காட்டுகிறது. மூன்றாவது திசையைத் தருகிறது.

ஆகவே, அடுத்த முறை ஒரு பிள்ளையிடம் "என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டால், அத்துடன் நின்றுவிடாதீர்கள். அந்தப் பிள்ளையின் கதையையும் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். செய்யத்தக்க தொழிலுக்கான விடை அநேகமாக அந்தக் கதைக்குள்ளேயே இருக்கும். அதைச் சொல்வதற்கு அவனுக்கோ அவளுக்கோ ஒருவர் காது கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.