சிலருடைய பலவீனம்

திருவிருந்தில் நிறம் பார்க்கக் கூடாது. இதை விவாதத்துக்கு எடுப்பதே தவறு. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் டச்சு சீர்திருத்த சபையின் சினாடு (பேரவை) 1829-ல் இப்படித்தான் முடிவெடுத்தது.

28 வருஷத்தில் விவாதத்துக்கு எடுத்துவிட்டார்கள். கறுப்பர் வாய் வைத்த கிண்ணத்தில் தாங்களும் வாய் வைப்பதா என்று வெள்ளையர் சிலருக்குக் கூச்சம். 1857 சினாடின் தீர்மானத்தைப் படித்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. எல்லோரும் ஒரே சபையாகக் கூடுவதே வேதத்துக்கு உகந்தது என்று தொடங்குகிறது. ஆனால், ‘சிலருடைய பலவீனம்’ அதற்குத் தடையாக இருக்கும் இடங்களில், புதிதாக மனம் திரும்பியவர்கள் தனிக் கட்டடத்தில் ஆராதிக்கலாமாம். பலவீனம் யாருக்கு? வெள்ளையருக்கு. எழுந்து போனது யார்? மற்றவர்கள்.

சலுகையாக வந்தது சட்டமாக உட்கார்ந்துகொண்டது. 1881-ல் கலப்பினத்தவருக்குத் தனிச் சபையே பிறந்தது. 1948-க்குப் பிறகு அரசு இனவொதுக்கலைக் கையில் எடுத்தபோது, அதற்கு வேத ஆதாரம் தேடித் தர வெள்ளைச் சபையின் இறையியலாளர்கள் தயாராக இருந்தார்கள்.

பதில், வெளியே அனுப்பப்பட்டவர்களிடமிருந்து வந்தது. கேப் டவுனை ஒட்டிய பெல்ஹாரில் 1982-ல் கூடிய கலப்பினச் சபை ஒரு விசுவாச அறிக்கையின் வரைவை ஏற்றது. 1986-ல் அதை உறுதி செய்தது. சபையின் ஒற்றுமை, ஒப்புரவு, நீதி – மூன்றே விஷயம். கூடவே ஒரு கடிதம். முதல் கல்லை எறியும் தகுதி தங்களுக்கும் இல்லை என்கிறது அது. அநியாயத்துக்கு ஆளானவர்கள் இப்படி எழுதினார்கள் என்பதுதான் என்னை உலுக்குகிறது.

1990 நவம்பரில் ரஸ்டன்பர்கில் சபைத் தலைவர்கள் கூடினார்கள். வெள்ளைச் சபையைச் சேர்ந்த ஸ்டெலன்போஷ் பேராசிரியர் வில்லி யோங்கர் தன் உரையின் நடுவே, தனக்காகவும் தன் சபைக்காகவும் ஆப்பிரிக்கானர் மக்களுக்காகவும் பாவ அறிக்கை செய்தார். கறுப்பினப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு எழுந்து அதை ஏற்றுக்கொண்டார். எங்கள் சார்பில் மன்னிக்க இவர் யார் என்ற முணுமுணுப்பும் கறுப்பர் சிலரிடம் எழாமல் இல்லை. நியாயமான கேள்விதான்.

1994-ல் கலப்பினச் சபையும் கறுப்பருக்கென இருந்த தனிச் சபையும் இணைந்து, பெல்ஹார் அறிக்கையைத் தங்கள் விசுவாச அறிக்கைகளில் ஒன்றாக வைத்துக்கொண்டன. வெள்ளைச் சபை? இனவொதுக்கல் பாவம் என்று ஒப்புக்கொண்டது. பெல்ஹாரை மட்டும் முழுதாக ஏற்க முடியவில்லை. அதற்கு ஒவ்வொரு வட்டார சினாடிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கிடைக்கவில்லை. வற்புறுத்தினால் சிலர் சபையை விட்டே போய்விடுவார்கள் என்ற பயம்.

இப்போதும் அதே ‘சிலர்’தான்.