தையல் அறையும் எங்கள் கால்களும்

லண்டனில் எம்மவர் வீடுகள் பலவற்றில் மேல்மாடியில் ஒரு சின்ன அறை இருக்கும். 'பொக்ஸ் ரூம்' என்று சொல்லுவோம். பிள்ளைகள் படித்து வெளியேறியதும் அந்த அறைக்குள் தையல் மெசின் வந்துவிடும். கலியாணத்துக்கு பிளவுஸ், அரங்கேற்றத்துக்கு நடன உடுப்பு, பழைய சேலைகளைப் பொருத்திப் பேரப்பிள்ளைக்கு ஒரு போர்வை என்று எல்லாம் அங்கேதான் நடக்கும். சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877 இல். ஊரில் விட்டுவிட்டு வந்த மெசினுக்குப் பதிலாக இங்கே ஒன்றை வாங்கி வைத்திருக்கும் அம்மாமார் எத்தனையோ பேர். கிறீன் ஸ்ட்ரீட்டிலும் சவுத்தோலிலும் ரூட்டிங்கிலும் வாங்கிய துணி அறை முழுவதும் குவிந்துவிடும். இதையெல்லாம் எப்படி அடுக்கி வைப்பது என்பதைச் சுகாதாரப் பக்கத்தில் ஏன் எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். அந்த அறையிலிருந்து வைத்தியரிடம் வரும் பிரச்சினைகள் கொஞ்சமல்ல.

முதலாவது, குண்டூசி. நாங்கள் வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை. தரையிலோ கார்பெற். விழுந்த ஊசி அதற்குள் நிமிர்ந்து நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. சாதாரண ஆளுக்குக் குத்தினால் 'ஆ' என்று காலைத் தூக்குவார். நீண்டகால நீரிழிவால் நரம்பு மரத்துப்போனவருக்கு அது தெரியாது. காலுறை ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தபோதுதான் குதியில் புண் இருப்பதைக் கண்ட ஒரு அம்மா எங்களிடம் வந்தார். எக்ஸ்ரேயில் உடைந்த ஊசியின் பாதி தெரிந்தது. தெற்காசியரிடையே இரண்டாம் வகை நீரிழிவு இந்த நாட்டின் மற்றவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு கூடுதல். ஆகவே இது யாரோ ஒருவருடைய கதை அல்ல.

தையல் அறைக்கென்று தடித்த அடியுள்ள ஒரு சோடிச் செருப்பைக் கதவடியில் வையுங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று முகம் சுளிக்க வேண்டாம், சாமி அறைக்குள் போடச் சொல்லவில்லை. ஊசிகளைக் காந்தத் தட்டில் வையுங்கள். தைக்கத் தொடங்கும்போது எண்ணி, முடிக்கும்போதும் எண்ணுங்கள். பிறகு ஒரு காந்தத்தைத் தரைமேல் மெதுவாக ஓட்டினால் மிச்சம் வந்து ஒட்டும். உடைந்த ஊசிகளை மூடியுள்ள சின்னப் போத்தலில் சேருங்கள். இன்சுலின் ஊசிக்குத் தரும் மஞ்சள் பெட்டி இதற்கல்ல. குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு தைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். ஒரு இருமலில் அது நுரையீரலுக்குள் போய்விடலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் இரவில் படுக்கப்போகுமுன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். புண், சிவப்பு, வீக்கம் எது கண்டாலும் அன்றே ஜீ.பி.யை அழையுங்கள். அப்படியான காலை ஒரு வேலை நாளுக்குள் விசேட பாதச் சிகிச்சைக் குழுவிடம் அனுப்ப வேண்டும் என்பது இங்குள்ள விதி. மஞ்சள் பூசிக் கட்டி ஒரு கிழமை பார்ப்போம் என்று இருப்பதில்தான் விரல்கள் போகின்றன.

அடுத்தது அந்த நீல நிற டேனிஷ் பிஸ்கட் ரின். திறந்தால் பிஸ்கட் இராது, நூற்கட்டையும் பொத்தானும்தான். பெரியவர்களுக்கு இது பகிடி. இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது பிஸ்கட் ரின்தான். அதற்குள் சின்ன விளக்குகளுக்குப் போடும் வட்டப் பற்றரிகள் கிடந்தால் நிலைமை மோசம். பிள்ளை விழுங்கித் தொண்டைக் குழாயில் அது தங்கினால், எச்சில் பட்டு மின்சாரம் ஓடி, கோஸ்ரிக் சோடா உண்டாகி, இரண்டு மணித்தியாலத்துக்குள் சதையை எரித்துவிடும். 20 மில்லிமீற்றர் அகலமான லிதியம் பற்றரிதான் மிகவும் ஆபத்தானது. சந்தேகம் வந்தாலே 999 ஐ அழையுங்கள், அல்லது நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம், சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்கவும் வேண்டாம். ரின்னை உயரத்தில், பூட்டும் அலுமாரியில் வையுங்கள். பழைய பற்றரி தீர்ந்துபோனதல்லவா என்று எண்ண வேண்டாம், அதுவும் எரிக்கும்.

மூன்றாவது, எங்கள் சூட்கேஸ் வாசனை. சேலைகளுக்கிடையில் நப்தலின் பூச்சி உருண்டை போடுவது பரம்பரைப் பழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2008 இல் இதன் விற்பனையைத் தடைசெய்தது. அப்போது பிரித்தானியாவும் அதில் இருந்தது. ஆனாலும் ஊரிலிருந்து பொதியில் வருகிறது. ஜி6பிடி என்ற நொதியம் குறைவாகப் பிறக்கும் பிள்ளைகள் எம்மவரிலும் உண்டு. ஆண் பிள்ளைகளில் இது கூடுதல். உருண்டையோடு வைத்த துணியில் சுற்றினாலே இப்படியான பிள்ளையின் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். சிசுவில் கடுமையான காமாலை மூளையையும் பாதிக்கும். இந்நாட்டில் குதியில் குத்தி எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் ஜி6பிடி பார்க்கப்படுவதில்லை. பிள்ளைக்குக் கண் மஞ்சளாகினால், வெளிறினால், சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள், உருண்டை பற்றியும் சொல்லுங்கள்.

உருண்டை இல்லாமல் துணியைக் காக்க முடியாதா? முடியும். அந்துப்பூச்சி விரும்புவது கம்பளியையும் பட்டையும், அதிலும் வியர்வையும் கறியும் பட்டவற்றை. சுத்தமாக்கி, நன்றாகக் காயவிட்டு, இறுக்கி மூடும் பையில் வைத்தால் போதும். சந்தேகமான துணியைப் பையோடு ஃபிரீசரில் இரண்டு கிழமை வைத்தால் புழு செத்துவிடும். (மீனுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.) வெளிச்சுவரோடு ஒட்டித் துணியை அடுக்கினால் பூஞ்சணம் பிடித்து இழுப்பு உள்ளவர்களுக்கு மூச்சு முட்டும், ஒரு கை அகலம் இடைவெளி விடுங்கள். பாரமான துணிக்கட்டுகள் கீழ்த்தட்டில் இருக்கட்டும். அறுபது தாண்டியவர்கள் கதிரையில் ஏறி எடுக்கப்போய் இடுப்பு எலும்பு முறிந்தால் எழும்ப மாதங்கள் செல்லும்.

அம்மம்மா தைத்த அந்தச் சேலைப் போர்வையைப் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை கட்டிலில் போட வேண்டாம். தளர்ந்த போர்வை முகத்தை மூடலாம், உடம்பும் அதிகம் சூடாகலாம். அதுவரை தரையில் விரித்து, பிள்ளை விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து அதன்மேல் குப்புறப்போட்டு விளையாடவிடுங்கள். விரிக்குமுன் இரண்டு பக்கமும் கையால் தடவிப் பாருங்கள், உள்ளே ஒரு குண்டூசி தங்கியிருக்கும்.