வேலை நடுவில் திரை அறுந்தால்…

பிள்ளையையோ படுக்கையிலுள்ள தாயையோ விட்டு வெளியே போக முடியாத பெண்ணுக்கு, வீட்டிலிருந்தே கணக்குப் பதியும் வேலை பெரிய ஆறுதல். அலுவலகக் கணனியின் திரையை ‘ரிமோட் டெஸ்க்டொப்’ மூலம் வீட்டு மடிக்கணனியில் திறக்கிறோம். இடையில் போகும் தகவல்களை ‘வீ.பி.என்.’ என்னும் பூட்டிய வழி காக்கிறது. வைஃபையில் இது அறுந்தால் அன்றைய கூலியும் அறும். உடனே “எனக்குத்தான் விளங்கவில்லை” என்று தம்மையே நொந்துகொள்ளும் பெண்கள் அநேகர். பிழை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்.

முதலில் பதறாதீர்கள். இணைப்பு அறுந்தாலும் அலுவலகக் கணனி நின்றுவிடாவிட்டால், நீங்கள் திறந்து வைத்த வேலை வழமையாக அங்கேயே அப்படியே இருக்கும். மீண்டும் நுழைந்து தொடரலாம்.

அடுத்து, சாதாரண இணையப் பக்கம் ஒன்று திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் கோளாறு வைஃபையில் இருக்கலாம். ரவுட்டருக்குக் கிட்டப் போயிருந்து பாருங்கள். அது திறந்து, வீ.பி.என்.னும் இணைந்து, அலுவலகக் கணனி மட்டும் கிடைக்கவில்லையா? அது உறங்குநிலைக்குப் போயிருக்கலாம். அங்குள்ள ஒருவரிடம் தட்டி எழுப்பச் சொல்லுங்கள்.

பலரை அலைக்கழிப்பது இன்னொன்று. வீட்டு ரவுட்டரும் அலுவலகமும் 192.168.1 என்று தொடங்கும் ஒரே இலக்கங்களைப் பாவித்தால், மடிக்கணனி அலுவலகக் கணனியை வீட்டுக்குள்ளேயே தேடும். ஒரே தெருப்பெயர் இரண்டு ஊரில் இருந்தால் தபாற்காரர் தடுமாறுவாரே, அதுபோல. கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் வேலை செய்தால் சந்தேகம் வீட்டு ரவுட்டரின் மேல்தான். அதன் இலக்கத்தை 192.168.50 என்பது போல மாற்றினால் போதும்.

திரை கறுப்பாக வந்து பின் அறுகிறதா? தகவல் பொதி ஒன்றின் வழமையான உச்ச அளவு 1500 பைட். வீ.பி.என். அதன்மேல் இன்னொரு உறை போடுவதால் பெரிய பொதிகள் வழியில் சிக்கலாம். ‘எம்.ரி.யு.’ அளவை 1400 அல்லது அதற்கும் கீழே குறைக்கும்படி அலுவலகத் தொழில்நுட்பவியலாளரிடம் கேளுங்கள். எந்தப் படியில் நின்றது, திரையில் என்ன எழுதி வந்தது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டியதில்லை.

“வீ.பி.என். எதற்கு, 3389 வாசலை நேரே இணையத்துக்குத் திறந்துவிடலாம்” என்று யாரும் யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். ரிமோட் டெஸ்க்டொப்பின் வழமையான வாசல் அது. இணையத் திருடர்கள் ஓயாமல் தட்டிப் பார்ப்பதும் அதைத்தான்.