கட்டடக் கலையும் டாக்டர் பட்டமும்
குன்றத்தூர்ப் பிரதேசம் வேண்டி நிற்கும் ஆராய்ச்சி

ஒரு தேசம் பிறர் வகுத்த உருவங்களைத் தன் கைகளால் செய்து கொடுப்பது ஒன்று. தானே உருவம் வகுப்பது வேறொன்று. முன்னது கூலியைத் தரும். பின்னது கூலியோடு சுயமதிப்பையும் தரும். குன்றத்தூருக்கு மேற்கே இன்று பரந்து கிடக்கும் தொழிற்பிரதேசத்தை நினைக்கும்போதெல்லாம் இந்த வித்தியாசமே நம் மனத்தில் முன் நிற்கிறது.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கம்பெனியின் மோட்டார் வண்டிகள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. சுங்குவார்சத்திரத்தில் நம் பெண்கள் பொருத்தும் கைப்பேசி கடல் கடந்து செல்கிறது. அதன் உருவத்தை வகுத்தவர்கள் கலிபோர்னியாவில் இருக்கின்றனர். வண்டியும் கைப்பேசியும் ஒருபுறம் இருக்கட்டும். அவற்றைச் செய்யும் தொழிலாளி எந்த அறையில் உறங்குகிறான், அந்த அறையின் உயரம் என்ன, காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்ற கேள்விகளுக்காவது நாம் நமது சொந்த அறிவைக் கொண்டு விடை கண்டிருக்கிறோமா? இதுவே இன்று நாம் நேயர்கள்முன் வைக்க விரும்பும் விஷயம்.

கட்டடக் கலையிலும் வடிவமைப்பிலும் டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி என்றால், சாவகாசமுள்ள சிலரது பொழுதுபோக்கென்று நம் அரசியல் ஊழியர்களில் பலர் கருதுகின்றனர். இந்த எண்ணம் பிழையானது என்பதை ஓர் உதாரணம் காட்டும். 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதியொன்றில் உணவு கெட்டுப் பெண் தொழிலாளர் பலர் நோயுற்றனர். அவர்களுடைய தோழியர் பெருந்திரளாகப் பெங்களூர் ராஜபாட்டையில் அமர்ந்து மறியல் செய்தனர். விடுதி அறைகளில் பலர் நெருங்கித் தரையில் படுத்துறங்கிய செய்தி அப்போதுதான் உலகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. பின்னர், 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான குடியிருப்பை சர்க்கார் ரூ.706.50 கோடி செலவில் கட்டித் திறந்தது. இது வரவேற்கத்தக்க காரியமே. ஆயினும் ஒரு சிற்றூருக்குச் சமமான ஜனத்தொகையை ஒரே வளாகத்தில் வைக்கும்போது, எத்தனை பேருக்கு ஓர் அறை தகும், இரவு முழுதும் உழைத்துப் பகலில் உறங்குகிறவளுக்கு நடுப்பகல் வெயில் எவ்வளவு தடுக்கப்படவேண்டும் என்பவற்றை ஊகத்தால் தீர்மானிப்பதா, ஆராய்ந்து தீர்மானிப்பதா?

அந்நிய அளவுகோல்

மனிதனுக்கு எந்த அளவு வெப்பம் வசதியானது என்பதற்கு உலகம் நெடுங்காலம் கையாண்ட கணக்கு, டென்மார்க்கு அறிஞர் பாங்கர் 1970இல் வெளியிட்டது. மூடிய பரிசோதனை அறைகளில் அமெரிக்க, டேனிஷ் மாணவர்களை உட்கார வைத்துக் கிடைத்த முடிவு அது. பனி நாட்டில் பிறந்த கணக்கைச் சித்திரை வெயிலில் வாழும் நமக்குப் பொருத்திப் பார்த்தால், நம் கட்டடங்களெல்லாம் யந்திரக் குளிர்ச்சியின்றி வசிக்கத் தகாதவை என்றே தோன்றும்.

இதை நம்மவர் மறுத்துக் காட்டியிருக்கின்றனர். 1947இல் ரூர்க்கியில் தோன்றிய மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சர்மாவும் ஷராபத் அலியும் இந்தியர்களையே பரிசோதித்து, உஷ்ணப் பிரதேசத்துக்கேற்ற தனிக் குறியீட்டை 1986இல் வெளியிட்டனர். பின்னர், ஆமதாபாத்தில் 1962இல் பாலகிருஷ்ண தோஷி தொடங்கிய கட்டடக் கலைப் பள்ளியிலிருந்து வளர்ந்த செப்ட் சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர், சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் நேரில் அளந்து, நம் ஜனங்கள் அந்நியக் கணக்கு விதிப்பதைவிட அதிக வெப்பத்திலும் வசதியாக இருக்கின்றனர் என்று நிலைநாட்டினர். அம்முடிவு தேசியக் கட்டட விதிகளிலும் இடம் பெற்றது. ஆராய்ச்சி அறை ஒன்றில் பிறந்த எண் எவ்வாறு சட்டமாகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அந்த ஆராய்ச்சி அலுவலகங்களில் நடந்தது. தகரக் கூரையின் கீழ் பகலில் உறங்க முயலும் தொழிலாளிக்கு அது அப்படியே பொருந்தாது. “நம் ஜனங்கள் வெப்பத்தைத் தாங்குவார்கள்” என்பதை மின்விசிறி மறுப்பதற்குச் சாக்காகக் கொள்ளும் முதலாளிகளும் தோன்றக்கூடும். அந்தச் சாக்கை வாயடைக்கச் செய்வதற்கு ஒரே வழி, ஒரகடத்து விடுதிகளிலேயே தெர்மாமீட்டரை வைத்து, அங்கே உறங்குகிறவர்களையே கேட்டு எழுதப்படும் ஆராய்ச்சி நூல்தான். கோரிக்கை மனுவை அதிகாரி ஒதுக்கி வைக்கலாம். மூன்று வருஷம் அளந்து எழுதிய கணக்கை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது.

தண்ணீர்ப் பிரச்னையும் இத்தகையதே. 24 அடி ஆழமுள்ள செம்பரம்பாக்கம் ஏரி குன்றத்தூரின் வாசலில் இருக்கிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி அதிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் மூழ்கியதை எவரும் மறந்திருக்க முடியாது. எந்த நிலத்தில் வீடு கட்டலாம், தரைமட்டம் எவ்வளவு உயரவேண்டும், எந்த வாய்க்காலை மூடலாகாது என்பவையும் கட்டடக் கலை ஆராய்ச்சியின் கேள்விகளே. 2022இல் சென்னைப் பெருநகரப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. 2046 வரைக்குமான மூன்றாவது பெருந்திட்டம் தயாரிக்கும் வேலையும் தொடங்கியிருக்கிறது. வரைபடத்தில் ஒரு முறை வர்ணம் தீட்டப்பட்டபின் இருபது வருஷம் அழுது பயனில்லை.

நம் முன்னோர் வழி

ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், சுந்தரரின் திருத்தொண்டத்தொகையையும் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியையும் அடிப்படையாகக் கொண்டு, அவற்றில் சுருங்கக் கிடந்ததை விரித்துத் தம் நூலைச் செய்தார். முன்னோர் சொன்னதைக் கற்று, அதற்குமேல் தான் கண்டதைச் சேர்ப்பதைத்தானே இன்று சர்வகலாசாலைகளும் கேட்கின்றன? அவர் இவ்வூரில் எழுப்பிய திருநாகேச்சரம், சோழநாட்டுத் திருநாகேச்சரத்தை நினைந்து கட்டியதென்பது வழக்கு.

தஞ்சையில் பிறந்து பெங்களூரில் நீதிபதியாக இருந்த ராம் ராஸ், சிற்ப நூல்களைத் தேடித் தொகுத்து, சிற்பிகளைக் கேட்டுப் பொருள் தெளிந்து, இந்துக்களின் கட்டடக் கலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். அவர் இறந்தபின் 1834இல் அந்நூல் லண்டனில் அச்சாயிற்று. புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய், கோயில் தூண்களின் போதிகைகள் காலந்தோறும் மாறிய விதத்தைக் கொண்டே தென்னாட்டுக் கட்டடங்களின் காலத்தைக் கணித்து 1914இல் நூல் வெளியிட்டார். இருவருக்கும் வழிகாட்டிகள் நம் நாட்டுச் சிற்பிகளே.

1957இல் சென்னை சர்வகலாசாலையின் கீழ்க் கட்டடக் கலைப் பிரிவு தோன்றியது. அதே ஆண்டில் மாமல்லபுரத்தில் சர்க்கார் சிற்பப் பள்ளியும் தோன்றியது. ஒரே வயதுடைய இவ்விரு சகோதரிகளும் இன்னும் வேறு வேறு வீட்டில் வசிப்பதுபோல் இருப்பது நமக்கு வருத்தத்தையே தருகிறது. 1958இல் இந்திய சர்க்காரின் அழைப்பின்பேரில் வந்த அமெரிக்கத் தம்பதிகள் சார்லஸ், ரே ஈம்ஸ், நம் வீட்டுச் சொம்பையே உருவமைப்பின் உச்சமென்று வியந்து எழுதினர். அவர்களுடைய அறிக்கையின் பயனாக 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிலையம் பிறந்தது. சொம்பு நம்முடையது; அதைப் பார்க்கும் கண்ணும் நம்முடையதாக வேண்டாமா?

எங்கே கற்கலாம்?

குன்றத்தூர் இளைஞன் டாக்டர் பட்டத்துக்காகக் கப்பலேற வேண்டியதில்லை. கிண்டியில் அண்ணா சர்வகலாசாலையின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் வடிவமைப்புத் துறை இருக்கிறது. 2007இல் ஏற்பட்டு, வண்டலூர்-கேளம்பாக்கம் சாலைப் பக்கத்தில் நடந்துவரும் மத்திய சர்க்கார் கல்விக்கழகமோ தன் பெயரிலேயே வடிவமைப்பையும் உற்பத்தியையும் தாங்கி நிற்கிறது. திருச்சி என்.ஐ.டி., ரூர்க்கி, கரக்பூர் ஐ.ஐ.டி.கள், டில்லி, போபால், விஜயவாடா கட்டடக் கலைப் பள்ளிகள் ஆகியவற்றிலும் இடமுண்டு. வடிவமைப்புக்கு 1969இல் தொடங்கிய பம்பாய் ஐ.ஐ.டி.யின் பள்ளியும் குவாஹாத்தி ஐ.ஐ.டி.யும் பெயர் பெற்றவை.

2022ஆம் ஆண்டு மானியக் குழு விதிகளின்படி, ஆராய்ச்சிக்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு வருஷம். பெண்களுக்கு மேலும் இரண்டு வருஷச் சலுகை உண்டு. உத்தியோகத்திலிருப்பவர் மேலதிகாரியின் சம்மதம் பெற்றுப் பகுதிநேரமாகவும் ஆராயலாம். 2023 ஜனவரி முதல், தேசிய ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் முதலிரண்டு வருஷம் மாதம் ரூ.37,000, அதன்பின் ரூ.42,000. ஐந்து வருஷம் கட்டடக் கலை பயின்று, இரண்டு வருஷம் மேற்பட்டமும் பெற்ற ஓர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, வீட்டார் எதிர்பார்க்கும் வருமானத்தை விட்டு மேலும் ஐந்து வருஷம் இத்தொகையில் வாழ்வது எளிதன்று. எல்லோருக்கும் இத்தொகை கிடைப்பதுமில்லை. ஆகையால் பலர் உத்தியோக உயர்வுக்கு மாத்திரம் பட்டம் தேடுகின்றனர். நூலும் அலமாரியில் தூங்குகிறது.

இந்நிலையை மாற்ற நாம் கூறும் யோசனைகள் நான்கு. முதலாவது: 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தம் லாபத்தில் 2 சதவிகிதத்தைப் பொதுநலத்துக்குச் செலவிடக் கடமைப்பட்டவை, பொதுக் கல்விக்கழகங்களின் விஞ்ஞான, தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு உதவுவதும் அதில் அடங்கும். இத்தொழிற்பிரதேசத்துக் கம்பெனிகள் தொழிலாளர் குடியிருப்பு ஆராய்ச்சிக்கு உபகாரச் சம்பளம் ஏற்படுத்தட்டும். ஆனால் முடிவை வெளியிடாது தடுக்கும் உரிமை அவர்களுக்கு இருத்தலாகாது. இரண்டாவது: சர்வகலாசாலைகள் குன்றத்தூரில் ஓர் ஆராய்ச்சிக் களம் அமைத்து, மாணவர்கள் தொழிலாளரோடு பழகி அளக்க வசதி செய்யட்டும். மூன்றாவது: மாமல்லபுரத்து ஸ்தபதிகளை மரபுக் கட்டட ஆராய்ச்சிக்கு இணை வழிகாட்டிகளாக ஏற்கட்டும். நான்காவது: ஒவ்வோர் ஆராய்ச்சி நூலுக்கும் தெளிவான தமிழ்ச் சுருக்கம் ஒன்று கட்டாயமாகட்டும். குன்றத்தூர் நகரசபை அங்கத்தினர் படித்துணர முடியாத முடிவால் குன்றத்தூருக்கு என்ன லாபம்?

இவை தாமாக நடந்துவிடா. தொழிற்சங்கக் கோரிக்கைகளில் கூலிக்கும் போனஸுக்கும் பக்கத்தில் உறங்கும் அறையின் அளவும் காற்றும் இடம்பெற வேண்டும். பெருந்திட்டத்தின்மீது ஆட்சேபணை கேட்கப்படும்போது, ஏரியையும் வாய்க்காலையும் அளந்த ஆராய்ச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊழியர்கள் எழுந்து பேசவேண்டும். அதற்கு வேண்டிய கணக்கைத் தயாரித்துத் தரும் இளைஞரை இன்றே ஆராய்ச்சி மேஜைக்கு அனுப்புவது தேசத் தொண்டின் ஒரு பகுதியென்று நாம் கருதுகிறோம்.