பங்குடைமை வருவாயும் வரிச் சட்டமும்

பங்காளர் இருவர் தம் இலாப நட்டங்களை விரும்பியவாறு பகிர்ந்துகொள்ளலாம். அஃது அவர்தம் உரிமை. ஆயின் அப்பகிர்வை வரி அதிகாரியும் ஏற்கவேண்டுமோ? இவ்வினாவை நுணுகி ஆராய்ந்த சட்டங்களுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டமும் ஒன்று. எம் கல்லூரியிற் கணக்கியல் பயிலும் மாணவர்க்குப் பயன்படுமெனக் கருதி அதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அந்நாட்டிற் பங்குடைமை தானாக வருமான வரி செலுத்துவதில்லை. இலாபமும் நட்டமும் பங்காளரைச் சென்றடைந்து, அவரவர் கணக்கிலேயே வரிக்குட்படும். எனவே பெறுமானத் தேய்வை, மிகுந்த வரி செலுத்தும் பங்காளரின் பெயரில் எழுதிவிட்டால் அவருக்கு ஆதாயம், மற்றவருக்கோ இழப்பில்லை. கலிபோர்னியாவில் 1963 இல் இரண்டு அடுக்குமாடி வீடுகளை வாங்கிய இரு தம்பதியர், 1966 இல் இவ்வாறே தேய்வு முழுவதையும் ஒரு சாராருக்கு ஒதுக்கினர். மற்றச் சாராருக்கு வேறு கட்டடங்களால் வேண்டிய கழிவு ஏற்கெனவே இருந்தது. வரியைத் தவிர்த்தலே இதன் முதன்மை நோக்கமென 1970 இல் வரி நீதிமன்றம் தீர்த்தது.

1976 இற் சட்டம் திருத்தப்பட்டது. பகிர்வுக்குக் கணிசமான பொருளாதார விளைவு இருத்தல் வேண்டும். இன்றேல் பங்காளரின் உண்மை உரிமைப்படியே வருவாய் பிரிக்கப்படும். அஃதென்ன விளைவு? இருவர் தலைக்கு 50,000 டொலர் இட்டு 100,000 டொலருக்குக் கட்டடம் வாங்குகின்றனர் என்க. ஆண்டுத் தேய்வு 10,000 டொலரும் முதலாமவருக்கே. ஓராண்டின் பின் அவர் மூலதனம் 40,000, இரண்டாமவரது 50,000. கட்டடத்தை 90,000 டொலருக்கு விற்றால், முதலாமவர் 40,000 மட்டுமே பெறவேண்டும். ஆளுக்கு 45,000 எனப் பிரிப்பராயின், அவர் தாங்கிய நட்டம் ஏட்டு நட்டமேயன்றிப் பைநட்டமன்று.

இதனை உறுதிசெய்ய 1985 இன் ஒழுங்குவிதிகள் மூன்று நிபந்தனைகளைக் கூறும். மூலதனக் கணக்குகளை முறைப்படி பேணலும், கலைப்பின்போது அவற்றின் மீதிப்படியே பணம் கொடுத்தலும் எளியன. மூன்றாவதே கடுமையானது: கணக்குக் குறைநிலையில் முடிந்த பங்காளர், அக்குறையைத் தம் கைப்பணத்தால் நிரப்புவதாக ஒப்பவேண்டும். மேற்கூறிய முதலாமவரின் மூலதனம் ஐந்தாண்டிற் சூனியமாகும். ஆறாம் ஆண்டு அவர் 10,000 டொலர் கடனாளியாவார். வரிக் கழிவில் மனம்வைத்து இவ்வாசகத்திற் கையொப்பமிடுவோர், தம் வீடுவாசலையே பிணைவைக்கின்றனர் என்பதை உணர்தல் வேண்டும். அதற்குத் துணியாதவர்க்கு விதிகள் மாற்று வழியொன்றும் தருகின்றன. எதிர்பாராது குறை நேரின், வரும் வருவாயை முதலில் அவர் கணக்கில் எழுதுவதென உடன்பட்டால், சூனியம்வரையான கழிவுகள் மட்டும் அவருக்குக் கிட்டும்.